வன்னி வீடுகளில் கேட்ட றேடியோவை எழுதி வைப்பது எப்படி

“அந்தக் காலத்தில என்ன றேடியோ கேட்டனீங்கள்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் “இலங்கை வானொலிதான், வேற என்ன” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்கள். இலங்கையின் வடக்கில் வன்னிப் பக்கம் நானும் கொஞ்சக் காலம் இப்படியே கேட்டுக்கொண்டு திரிந்தேன், கொப்பியில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. பிறகு ஒருநாள் பெரியம்மாவிடம் கேள்வியை மாற்றி, “றேடியோ வீட்டில எந்த இடத்தில இருந்தது?” என்று கேட்டேன். அன்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார்.

உருத்திரபுரத்து வீட்டில் விறாந்தைச் சுவரில் அடித்த பலகைத் தட்டு. அதற்கு மேல் பிலிப்ஸ் பெட்டி, தூசி படாமல் பெரியம்மா தானே தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. குமிழைத் தொடுகிற உரிமை பெரியப்பாவுக்கு மட்டும். பெரியம்மா கேட்டதெல்லாம் குசினியில் நின்றபடி. அதனால் அவருக்கு நிகழ்ச்சிகள் மணிக்கணக்கில் நினைவில்லை, வேலைக்கணக்கில்தான் இருக்கின்றன. அடுப்பு மூட்டும்போது பக்திப் பாட்டு, தேத்தண்ணிக்குச் செய்தி, புட்டு அவிகிற நேரம் பொங்கும் பூம்புனல், மத்தியானம் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில் பூவும் பொட்டும். எந்த மணிக்கு என்று கேட்டால் முழிப்பார், என்ன சமைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டால் வரிசை பிசகாமல் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், கடைசி யுத்தத்தில், 2008 இலும் 2009 இலும், ஊர் ஊராக இடம்பெயர்ந்து போனவர்கள் றேடியோவையும் கசெற்றையும் கொப்பிகளையும் வழியில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். வேறு இடங்களில் பரணிலும் பெட்டிக்குள்ளும் கிடக்கிற சாமான் எங்கள் வீடுகளில் இல்லை. மிஞ்சியிருப்பது ஆட்களின் காது, அந்தக் காதுகளுக்கு இப்போது எழுபது எண்பது வயது.

சரி, எப்படித் தொடங்குவது. ஒரு பெரிய தாளை எடுத்து, விடிய எழும்பியதில் இருந்து இரவு படுக்கிறது வரை வீட்டு வேலைகளை மேலிருந்து கீழே எழுதுங்கள். வயலுக்குப் போனது, மாடு அவிழ்த்தது, பள்ளிக்கூடம் விட்டது, லாம்பு கொளுத்தியது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “அப்ப றேடியோவில என்ன போச்சு?” என்று மட்டும் கேளுங்கள். ஒரே வீட்டில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே கேட்பது நல்லது, ஏனென்றால் இரண்டு பேரும் கேட்டது இரண்டு வேறு றேடியோ. பெரியப்பாவுக்குச் செய்தியும் வானிலை அறிக்கையும் கிரிக்கெட் வர்ணனையும், பெரியம்மாவுக்கு நாடகமும் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும். பெரியப்பா இருக்கும்போதே கேட்டிருந்தால் அவருடைய தாளும் என்னிடம் இருந்திருக்கும்.

அடுத்தது எந்த நிலையம் என்று கண்டுபிடிப்பது. இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புவார்கள், நீங்கள் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். எனக்குக் கைகொடுத்த வழி, அந்தக் குரலை அவர்களையே செய்து காட்டச் சொல்வது. எங்கள் அம்மாவின் மாமா ஒருவர் பி.பி.சி. தமிழோசையைச் செய்து காட்டுவார், குரல் பெலத்து வந்து, தேய்ந்து, திரும்பப் பெலத்து வரும், நடுவில் ஒரு “ஊய்ய்ய்” சத்தம். செய்தியில் என்ன சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது, அலை போய் வந்தது மறக்கவில்லை. அப்படித் தேய்ந்து தேய்ந்து வந்ததென்றால் அது பெரும்பாலும் சிற்றலை (ஷோர்ட் வேவ்). பி.பி.சி. அல்லது மணிலாவில் இருந்து வந்த வேரித்தாஸ் என்று மேலே விசாரிக்கலாம், தொண்ணூறுகளில் வன்னியில் இந்த இரண்டையும் விடாமல் கேட்டவர்கள் ஏராளம். இரவில் மட்டும் தெளிவாக, வேறு நிலையம் ஒன்று பின்னால் முணுமுணுக்க வந்ததென்றால் அது பெரும்பாலும் மத்திய அலை (மீடியம் வேவ்). “ஆகாசவாணி” என்று இழுத்துத் தொடங்கினால் இந்தியப் பக்கம், அநேகமாகத் திருச்சி, 936 கிலோஹேர்ட்ஸ்.

“பொழுதுபட்டாப் பிறகுதான் திருச்சி எடுக்கும்” என்று யாரும் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நினைவுப் பிழை என்று தள்ளாதீர்கள். பகலில் வானத்தின் மேலடுக்கில் வெயில் உண்டாக்குகிற ஒரு மின்படலம் மத்திய அலையை உறிஞ்சிவிடும், இரவில் அந்தப் படலம் கரைந்துவிடுவதால் அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பித் தூரத்தில் விழும். மன்னார்க் கரையில் இருந்தவர்கள் மட்டும் “எங்களுக்குப் பகலிலயும் கேட்டது” என்பார்கள், அதுவும் சரிதான். உப்புத்தண்ணிக்கு மேலால் மத்திய அலை நன்றாக ஓடும், நெடுங்கேணிக் காட்டுக்குள் அது அப்படி ஓடாது. ஆகவே ஆளின் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊரின் பெயர் கட்டாயம் வேண்டும்.

கொழும்பு நிலையத்துக்குள்ளேயே, அதாவது இலங்கை வானொலிக்குள்ளேயே, தேசிய சேவையா வர்த்தக சேவையா என்று பிரிக்க இன்னும் இலகுவான வழி உண்டு. விளம்பரம் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். சவர்க்காரத்தையோ பற்றரியையோ பாடிக் காட்டினால் அது வர்த்தக சேவை. கச்சேரி, கமத்தொழில் பேச்சு, பள்ளிக்கூட ஒலிபரப்பு என்று வந்தால் தேசிய சேவை. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கிய பிறகுதான் பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் நேயரோடு பேசுகிற அந்தப் பாணி வளர்ந்தது. எஸ்.பி. மயில்வாகனன் தொடக்கிவைத்ததை கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் ஆளுக்கொரு விதமாகக் கொண்டுபோனார்கள். வயதானவர்கள் நிகழ்ச்சியின் பெயரை மறந்தாலும் குரலை மறப்பதில்லை. “வேகமா, மூச்சு விடாமல் கதைப்பாரே” என்றால் ராஜா, “பாட்டுக்குப் பாட்டு” என்றால் ஹமீத்.

வருடம் பிடிப்பதற்கு நிலையத்தின் பெயர் கொஞ்சம்தான் உதவும். “ரேடியோ சிலோன்” 1967 இல் கூட்டுத்தாபனமானது, 1972 இல் நாட்டின் பெயரோடு அதன் ஆங்கிலப் பெயரும் மாறியது, ஆனால் தமிழில் எப்போதும் இலங்கைதான், ஆகவே அந்த இரண்டாவது மாற்றம் எங்கள் ஆட்களின் பேச்சில் தெரியவே தெரியாது. அதைவிட, றேடியோ வாங்கின காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். “மிளகாய்க் காசில வாங்கினது” என்றால் பெரும்பாலும் 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட காலம், வெளியில் இருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் இருந்ததால் வடக்கில் தோட்டம் செய்தவர்கள் கையில் காசு புழங்கிய காலம். கசெற்றும் றேடியோவும் ஒன்றாயுள்ள பெட்டி என்றால் அநேகமாக 1977 க்குப் பிறகு, இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலம். இதோடு எல்லாருக்கும் பொதுவான சில நாட்களையும் வைத்துக்கொள்ளுங்கள்: 1964 டிசம்பர்ப் புயல், இந்திரா காந்தி இறந்த 1984 ஒக்ரோபர் 31, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24. “அண்டைக்கு றேடியோவில ஒரே சோக வாத்தியம்” என்பார்கள். அந்த நாளில் எந்த வீட்டில், எந்தப் பெட்டியில் கேட்டார்கள் என்று பிடித்துவிட்டால் முன்னும் பின்னும் நான்கைந்து வருடம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

தொண்ணூறுகளுக்கு வந்ததும் ஒரு பொறி இருக்கிறது. மல்லாவியில் இருந்தவர் “தமிழோசை ஒன்பதே காலுக்கு” என்பார், அதே காலத்தில் வவுனியாவில் இருந்தவர் “இல்லை, ஒன்பதே முக்கால்” என்று அடித்துச் சொல்வார். இரண்டு பேரும் சரி. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை, பத்து வருடமும் பழைய நேரம்தான். எல்லையில் இருந்த ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூடு மாறும். ஆகவே அந்தப் பத்து வருடத்துக்குள் யார் நேரம் சொன்னாலும் பக்கத்தில் “பழைய” அல்லது “புதிய” என்று எழுதாமல் விடாதீர்கள். கொழும்பு நிகழ்ச்சிகள் வன்னி மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் முந்தி வரும், வெளிநாட்டுச் சிற்றலை நிகழ்ச்சிகள் மாறாமல் நிற்கும். ஒருவர் சொல்கிற இரண்டு நிகழ்ச்சிகளை இப்படி ஒப்பிட்டாலே அவர் அப்போது எந்தப் பக்கம் இருந்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இனி மின்சாரம். வன்னியில் றேடியோக் கதை என்றால் பாதி பற்றரிக் கதை. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி உள்ளே வர விடவில்லை, கள்ளமாக வந்ததின் விலை வாயில் வைக்க ஏலாது. செத்த பற்றரியை வெயிலில் காய வைப்பது, துளை போட்டு உப்புத்தண்ணி ஊற்றுவது என்று எல்லாம் செய்தார்கள் (நீங்கள் செய்து பார்க்காதீர்கள், ஒழுகிப் பெட்டியைத் தின்றுவிடும்). கடைசியில் நிலைத்தது சைக்கிள் டைனமோ. 1997 இல் நாங்கள் மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றுகிறது என் வேலை. ஒன்பது மணிக்கே ஒழுங்கை ஆட்கள் சாக்கை விரித்து வந்து குந்திவிடுவார்கள், கை சோர்ந்தால் குரல் கம்மிப் போகும், உடனே இருட்டுக்குள் இருந்து “தம்பி, சுத்து, சுத்து” என்று யாராவது சொல்வார்கள். கசெற் என்றால் இன்னும் மோசம், சுற்றுகிற வேகம் குறைந்ததும் பாட்டே இழுபடும்.

இதைச் சொல்வது என் கதைக்காக இல்லை. பெடல் சுற்றின பொடியன்களைத் தேடிப் பிடியுங்கள். இப்போது அவர்களுக்கு நாற்பதுக்கு மேல். ஒரு நிகழ்ச்சி எவ்வளவு நீளம், செய்திக்குப் பிறகு என்ன, எந்த இடத்தில் இசை வரும், எப்போது முடியும் என்பதைக் கேட்டவர்களைவிடச் சுற்றினவர்கள்தான் சரியாகச் சொல்கிறார்கள். தமிழோசை அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் எந்த இடத்தில் வலது கையில் இருந்து இடது கைக்கு மாற்றுவேன் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியும்.

அந்தக் கருவியைத் திரும்பச் செய்து பெரியவர்கள் முன்னால் வைத்தால் வராத நினைவெல்லாம் வரும், நான் செய்து பார்த்திருக்கிறேன். சாதாரண டைனமோ 6 வோல்ற், 3 வாற். அது தருவது மாறுமின்னோட்டம், நேரே றேடியோவுக்குக் கொடுத்தால் இரைச்சல்தான் வரும், பெட்டியும் பழுதாகலாம். நான்கு டயோட்டைப் பாலம் போல் இணைத்து, வெளியே வருவதற்குக் குறுக்கே 1000 மைக்ரோபரட், 25 வோல்ற் கொள்ளளவி ஒன்று போடுங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறிவிடும் என்பதால் நடுவில் 6 வோல்ற் றெகுலேற்றர் ஒன்று கட்டாயம் வேண்டும், அது அந்தக் காலத்தில் எங்களிடம் இல்லை, ஒரு நல்ல பெட்டியை அப்படித்தான் எரித்தோம். நான்கு பற்றரி போடுகிற சின்ன ட்ரான்சிஸ்ரர் பெட்டி என்றால் இதற்குச் சரியாக இருக்கும். இப்போது சிற்றலையில் தமிழோசை இல்லை, 2017 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. குமிழைத் திருப்பும்போது நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் வருகிற அந்த இரைச்சல் போதும், பக்கத்தில் ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கசெற் தேடுகிறவர்கள் ஊரில் தேடுமுன் கனடாவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஒரு கோல் எடுங்கள். எண்பதுகளில் போன அண்ணன்மாருக்கு வீட்டில் இருந்து பதிந்து அனுப்பியவை அங்கே அலுமாரிக்குள் கிடக்கலாம். கிடைத்ததும் உடனே போட்டுக் கேட்காதீர்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் போடவே வேண்டாம், தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் பென்சிலால் மெதுவாக ஒரு சுற்று இறுக்கி, கசெற்றின் உள்ளே இருக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு கழன்றிருக்கிறதா என்று பார்த்து, பிளேயரின் தலையை ஐசோப்ரொப்பைல் அற்ககோல் தொட்டுத் துடைத்துவிட்டு, முதல்முறை ஓடும்போதே பதிவு செய்யுங்கள், இரண்டாம் முறை அது ஓடாமல் போகலாம். வேவ் (WAV) கோப்பாக வையுங்கள், இரைச்சலை நீக்குகிற வேலையெல்லாம் பிரதியில் மட்டும்.

கையெடுத்துக் கேட்கிறேன், பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ளதை வெட்டிவிடாதீர்கள். பதிந்தவர்கள் எல்லாரும் பாட்டுக்காகத்தான் பதிந்தார்கள், அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டார்கள். அமத்தப் பிந்திய அந்த மூன்று செக்கனில் ஒரு நேரம், ஒரு நிகழ்ச்சியின் பெயர், ஒரு ஊரின் பெயர் இருக்கும். பாட்டு இன்றைக்கு எங்கேயும் கிடைக்கும். அந்த மூன்று செக்கன் வேறெங்கேயும் இல்லை.

புலிகளின் குரல் பற்றிக் கேட்கிறதென்றால் நிதானம் வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் இயங்கிய வானொலி, 2007 நவம்பர் 27 இல் கிளிநொச்சியில் அதன் நிலையத்தின் மேல் விமானங்கள் குண்டு போட்டதில் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வருடங்களில் வன்னியில் எத்தனையோ வீடுகளில் அது கேட்டது, ஆகவே எழுதாமல் விட்டால் பதிவு பொய்யாகிவிடும். ஆனால் சிலர் பேச மாட்டார்கள், பேசினாலும் பெயர் வேண்டாம் என்பார்கள். வற்புறுத்தாதீர்கள். என்ன நிகழ்ச்சி, எந்த நேரம், எந்த ஊர், அவ்வளவும் போதும். குரலைப் பதிந்தால் எங்கே போடப் போகிறீர்கள் என்று முதலே சொல்லுங்கள், போடுமுன் இன்னொருதரம் கேளுங்கள்.

1998 இல் வந்த சூரியன், சக்தி எப்.எம். காலம் எழுத இலகு. நாள் முழுக்கப் பாட்டு, தொலைபேசியில் நேயர், சிரித்துச் சிரித்துப் பேசுகிற அறிவிப்பாளர். தபால் அட்டையில் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் பெயர் வருமா என்று காத்திருந்தது அதோடு முடிந்தது. எங்கள் ஊரில் அப்போது தொலைபேசி இல்லை, மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மரண அறிவித்தலைக் கடைசிக்கு வையுங்கள், முதல் நாள் கேட்கவே வேண்டாம். கொழும்பு வானொலியில் எங்கள் ஊர்ப் பெயர்கள் அதிகம் ஒலித்தது அதில்தான். அதன் அச்சு எல்லாருக்கும் மனப்பாடம்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் ஆவார், உற்றார் உறவினர் நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். நீங்கள் “பிறப்பிடமாகவும்” என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர்களே முடிப்பார்கள். அதற்குப் பிறகு, “இதைக் கேட்டு எழும்பிப் போன நாள் ஏதும் இருக்கா?” என்று ஒரு தரம் கேளுங்கள். பெரியம்மாவிடம் கேட்டபோது துருவலையில் கையை வைத்தபடி கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, செட்டிகுளத்தில் இருந்த தமையன் இறந்தது தனக்கு அப்படித்தான் தெரியும், தந்தி வர முந்தியே றேடியோ சொல்லிவிட்டது, பெயரை வாசிக்கிறபோது முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன், பிள்ளைகளின் பெயர் வந்த பிறகுதான் விளங்கியது என்றார்.

எழுதி முடித்ததும் கொண்டுபோய் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். இதைச் செய்யாமல் எதையும் வெளியே போடாதீர்கள். நான் வாசித்தபோது பெரியம்மா இரண்டு இடத்தில் நிறுத்தினார். அந்த உறை பூப்போட்டது இல்லையாம், கட்டம் போட்டதாம், பூப்போட்டது பிறகு வாங்கின பெட்டிக்குத் தைத்தது. குமிழைத் தான் தொட்டதே இல்லை என்று முதலில் சொன்னதும் சரியில்லையாம், பெரியப்பா வயலுக்குப் போன பிறகு வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்டு, அவர் வர முந்தி முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைப்பாராம். திருத்தத்தைப் பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள், முதலில் சொன்னதை அழிக்காதீர்கள். தாளில் இன்னும் இடம் விட்டு வையுங்கள், அடுத்த முறை போகும்போது இன்னொன்று சொல்வார்கள்.